அசூல் மறுக்கப்பட்ட பின் கையில் என்ன தாள்? ஜேர்மனியில் டுல்டுங்கும் அடையாள ஆவணங்களும்

மறுப்புக் கடிதம் வந்த வீட்டில் எல்லோரும் திருப்பி அனுப்புவார்களா என்பதைப் பற்றியே பேசுவார்கள். கையில் இருக்கும் தாளைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் ஜேர்மனியில் அசூல் (அகதித் தஞ்சம்) மறுக்கப்பட்ட ஒருவர் வேலை செய்யலாமா, மாதக் காசு வெட்டப்படுமா, சில வருடங்கள் கழித்து விசாவுக்கு (வதிவிட அனுமதிக்கு) வழி உண்டா என்பதெல்லாம் இரண்டு விஷயங்களில் தங்கியிருக்கிறது: அந்தத் தாளில் (பெரும்பாலும் டுல்டுங், அதாவது திருப்பி அனுப்புவதை ஒத்திவைக்கும் தாள்) என்ன எழுதியிருக்கிறது, அவருடைய அடையாளம் நிரூபிக்கப்பட்டிருக்கிறதா.

ஒரு கசப்பான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடையாளம் நிரூபணமானால் இங்கே இருப்பதற்கான வழிகள் திறக்கும். அதே ஆவணத்தை வைத்துத்தான் திருப்பி அனுப்பவும் முடியும். "பாஸ்போட்டைக் குடுத்தால் போச்சு" என்று ஒருவர் சொல்வார். "உடனே குடு, விசா தருவான்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேருமே உங்கள் கேஸைப் படித்துவிட்டுச் சொல்வதில்லை. எப்போது, எந்த ஆவணத்தை, யாரிடம் கேட்டுவிட்டுக் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கத் தெரிந்திருக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நான் சட்டத்தரணி அல்ல. மொழி தெரியாதவர்களோடு அலுவலகங்களுக்குப் போய்வருகிறவன்.

முதலில் மஞ்சள் உறை

பாம்ஃப் எனப்படும் கூட்டாட்சி அகதிகள் அலுவலகத்தின் முடிவு பெரும்பாலும் மஞ்சள் உறையில் வரும். தபால்காரர் அந்த உறையின் மேல் அன்றைய திகதியை எழுதுவார். காலக்கெடு அந்தத் திகதியிலிருந்தே ஓடத் தொடங்கும், நீங்கள் பிரித்துப் பார்த்த நாளிலிருந்து அல்ல. ஆகவே உறையை எறியாதீர்கள். கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள், இரண்டையும் படமெடுத்தும் வையுங்கள்.

கடிதத்தின் கடைசிப் பக்கங்களில் 'ரெக்ட்ஸ்பெஹெல்ஃப்ஸ்பெலேருங்' என்றொரு பகுதி இருக்கும். எந்த நீதிமன்றத்தில், எத்தனை நாளுக்குள் வழக்குப் போடலாம் என்பது அதில்தான் எழுதியிருக்கும். சாதாரண மறுப்புக்கு இரண்டு வாரம் என்றும், 'வெளிப்படையாகவே ஆதாரமற்றது' என்ற மறுப்புக்கும் டப்ளின் முடிவுக்கும் (வேறொரு ஐரோப்பிய நாடே உங்கள் கேஸைப் பார்க்க வேண்டும் என்ற முடிவு) ஒரு வாரம் என்றும் நீண்ட காலமாக நடைமுறை இருந்தது. 2026 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் நிர்ணயித்த புதிய அசூல் விதிகள் இவற்றை மாற்றக்கூடியவை. ஆகவே மச்சானின் கடிதத்தில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். உங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதுதான் உங்களுக்கு. ஒரு வாரக் கெடு என்றால் வழக்கு மட்டும் போதாது, திருப்பி அனுப்புவதை நிறுத்தி வைக்கக் கோரும் அவசர மனுவும் சேர்த்தே போட வேண்டும். லோயரிடம் "ஐல்அன்ட்ராக்" என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள்.

ஹைமில் (அகதிகள் விடுதியில்) தபால் பெட்டியில் உங்கள் பெயர் சரியாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வீடு மாறினால் பாம்ஃபுக்கும், வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும், நீதிமன்றத்துக்கும் தனித்தனியாக எழுதித் தெரிவியுங்கள். பழைய முகவரிக்குப் போன கடிதம் உங்களுக்குக் கிடைக்காவிட்டாலும் கிடைத்ததாகவே சட்டம் கருதும். இதனாலேயே வழக்கை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

எப்போது எந்தத் தாள்

வழக்கு நடக்கும் வரை, சாதாரண மறுப்பு என்றால், அசூல் கேட்டபோது தந்த 'கெஷ்டாட்டுங்' என்ற தற்காலிக அனுமதித் தாள் தொடர்ந்து செல்லும். கெடு முடிவதற்குள் அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவசர மனுவும் தோற்றுவிட்டாலோ, வழக்கே முடிந்துவிட்டாலோ கெஷ்டாட்டுங் செல்லாது. அதற்குப் பிறகு அலுவலகம் இரண்டில் ஒன்றைத் தரும்.

ஒன்று, டுல்டுங். ஜேர்மன் வதிவிடச் சட்டத்தின் 60ஏ பிரிவில் வருவது. உங்களைத் திருப்பி அனுப்புவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று சொல்லும் தாள் அது. குறுக்கே சிவப்புக் கோடு ஓடும். "இது வதிவிட அனுமதி அல்ல! இதை வைத்திருப்பவர் நாட்டைவிட்டு வெளியேறக் கடமைப்பட்டவர்!" என்று ஆச்சரியக்குறியோடு அதில் அச்சடித்திருக்கும். முதன்முதலில் வாசிக்கும்போது வயிற்றைக் கலக்கும். எல்லா டுல்டுங்கிலும் அதே வாசகம்தான் இருக்கிறது, உங்களுக்கென்று எழுதியதல்ல. எண்பதுகளில் கிழக்கு பெர்லின் வழியாக வந்திறங்கிய தமிழர்களிலும் பலர் வருடக்கணக்காக டுல்டுங்கோடு வாழ்ந்தவர்கள்தான்.

மற்றது, 'கிரென்ஸ்யூபர்டிரிட்ஸ்பெஷைனிகுங்'. எல்லை கடந்ததை உறுதிப்படுத்தும் தாள். இன்ன திகதிக்குள் வெளியேறு, போகும்போது இதை எல்லையில் கொடு என்பதற்காகத் தருவது. இது அடையாள ஆவணமே அல்ல. இதைக் காட்டி வேலை கேட்கவும் முடியாது. நாடு திரும்ப வழியில்லாத நிலையில் மாதக்கணக்காக இந்தத் தாளையே நீட்டித்துத் தந்துகொண்டிருந்தால், டுல்டுங் தரும்படி எழுத்தில் கேளுங்கள். உண்மையில் அனுப்ப முடியாத ஒருவருக்கு டுல்டுங் கிடைக்க வேண்டும் என்பது சட்டம், அது அதிகாரியின் தயவு அல்ல. வாயால் கேட்டால் வாயாலேயே இல்லை என்பார்கள். எழுத்தில் கேட்டால் கோப்பில் ஏறும்.

டுல்டுங்கை வரிவரியாக வாசியுங்கள்

பெரும்பாலானோர் படத்தையும் முடியும் திகதியையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். முக்கியமான வரிகள் உள்ளே, 'நேபன்பெஷ்டிம்முங்கன்' என்ற நிபந்தனைப் பகுதியில் இருக்கின்றன. அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் அங்கேயே நின்று வாசியுங்கள். தவறு இருந்தால் அப்போதே சொல்வது பத்துக் கடிதம் எழுதுவதை மிச்சப்படுத்தும்.

வேலை பற்றிய வரியை முதலில் தேடுங்கள். 'எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் நிக்ட் கெஷ்டாட்டெட்' என்றிருந்தால் எந்த வேலையும் செய்யக்கூடாது. 'நூர் மிட் எர்லாவ்ப்னிஸ்' என்று வந்தால் அனுமதி எடுத்துச் செய்யலாம். முதலாளி நிரப்பிய வேலைப் படிவத்தை அலுவலகத்தில் கொடுத்து, அந்த வேலைக்கென்று அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வருவதற்கு முன் ஒரு நாள்கூட வேலை செய்யாதீர்கள், தெரிந்தவரின் கடையாக இருந்தாலும் சரி.

அடுத்தது, 'எர்லிஷ்ட்' என்று தொடங்கும் வரி. இன்னது நடந்தால் இந்த டுல்டுங் தானாகவே முடிந்துவிடும் என்று அதில் எழுதியிருக்கும். பயண ஆவணம் கிடைத்ததும் முடியும், அனுப்பும் திகதி அறிவிக்கப்பட்டதும் முடியும் என்பதுபோல. இப்படி ஒரு வரி இருந்தால், தாளில் இருக்கும் முடிவுத் திகதியை மட்டும் நம்பி இருக்க முடியாது. அதைப் படமெடுத்து அன்றைக்கே லோயருக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது, எங்கே வசிக்க வேண்டும் என்ற வரி. அதோடு, வீடு மாறுவதானாலோ, உங்கள் அலுவலகத்தின் மாவட்டத்தை விட்டு மூன்று நாளுக்கு மேல் வெளியே போவதானாலோ முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது.

நம் ஆட்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சுவிஸில் கலியாணம், பாரிஸில் சாமத்திய வீடு, காரில் நாலு மணித்தியாலம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று கிளம்புவார்கள். ஜேர்மன் எல்லையைக் கடந்த அந்த நிமிடத்தில் டுல்டுங் முடிந்துவிடுகிறது. திரும்பி வருவதற்கு அது அனுமதி தருவதில்லை. பிடிபட்டால் அது சட்டவிரோத நுழைவு. சொந்த அண்ணனின் கலியாணமாக இருந்தாலும் வீடியோவில் பாருங்கள் என்று சொல்லும்போது எனக்கும் மனம் கேட்பதில்லை. ஆனாலும் அதைத்தான் சொல்கிறேன்.

60பி என்ற எண்ணைக் கண்டால்

2019 ஓகஸ்ட்டில் வந்த சட்டமாற்றம் டுல்டுங்குக்குள் இன்னும் கீழான ஒரு வகையை உண்டாக்கியது. 'அடையாளம் தெளிவாகாத நபர்களுக்கான டுல்டுங்' என்பது அதன் பெயர். பிரிவு 60பி. கடவுச்சீட்டு எடுக்க ஒத்துழைக்கவில்லை, அல்லது அடையாளம் பற்றிப் பொய் சொன்னார் என்று அலுவலகம் கருதினால் இந்தக் குறிப்பைப் போடும்.

இதன் விளைவு கடுமையானது. வேலை அனுமதி இல்லை. குறிப்பிட்ட இடத்தில்தான் வசிக்க வேண்டும். இதோடு வாழும் காலம், பின்னால் விசா கேட்கும்போது டுல்டுங் காலமாகக் கணக்கில் சேராது. ஒத்துழைக்கவில்லை என்ற அதே காரணத்தைக் காட்டி சோசியல் காசையும் (அரசு தரும் மாத உதவிப் பணத்தை) வெட்ட முடியும்.

ஆனால் இந்தக் குறிப்பு நிரந்தரமானதல்ல. விட்டதை எப்போது வேண்டுமானாலும் செய்து முடிக்கலாம், செய்து முடித்தால் குறிப்பை எடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அலுவலகம் உங்களிடம் எதிர்பார்க்கக்கூடியவையும் சட்டத்தில் இருக்கின்றன: படிவம் நிரப்புவது, நேரில் போவது, கைரேகையும் படமும் கொடுப்பது, வழக்கமான கட்டணத்தைக் கட்டுவது போன்றவை. என்ன செய்தேன் என்பதைச் சத்தியக் கடிதமாக எழுதிக் கொடுக்கவும் இடமுண்டு.

இன்னொன்றை நினைவில் வையுங்கள். அசூல் கேட்டதிலிருந்து அந்த மறுப்பு நீதிமன்றத்திலும் உறுதியாகி முடியும் வரை, புதிதாகக் கடவுச்சீட்டு எடு என்ற கடமையை 60பி உங்கள் மேல் சுமத்துவதில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே "தூதரகத்துக்குப் போ" என்று கடிதம் வந்தால் போகாதீர்கள், பதில் எழுதாமலும் விடாதீர்கள். அதை லோயரிடம் கொண்டுபோங்கள். எந்த அரசிடமிருந்து பாதுகாப்புக் கேட்கிறீர்களோ அந்த அரசின் தூதரகத்துக்கு நீங்களாகவே போய் நிற்பது உங்கள் கேஸுக்கே எதிராகத் திரும்பலாம். ஏற்கெனவே கையில் இருக்கும் கடவுச்சீட்டு வேறு விஷயம். அதை ஒப்படைக்கும் கடமை அசூல் காலத்திலும் உண்டு. ஒப்படைத்தால் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், எல்லாப் பக்கங்களும் சேர்த்து.

கடவுச்சீட்டு இல்லாமலே அடையாளத்தை நிரூபிக்கலாம்

பலருக்குத் தெரியாத பகுதி இது. அடையாளத்தை நிரூபிக்கக் கடவுச்சீட்டே வேண்டும் என்று இல்லை. முதலிடம் அதற்குத்தான், ஆனால் அது இல்லாவிட்டால் படமுள்ள வேறு அரச ஆவணங்களும், அவையும் இல்லாவிட்டால் படமில்லாத ஆவணங்களும் பார்க்கப்படும்.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும். தேசிய அடையாள அட்டை ஊரில் அலுமாரிக்குள் கிடக்கலாம். பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியை, பிறப்புப் பதியப்பட்ட பகுதியின் பிரதேச செயலகத்தில் வீட்டுக்காரர் எடுத்துத் தரலாம். பாடசாலைச் சான்றிதழ், சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு, பழைய கடவுச்சீட்டின் பிரதி எல்லாவற்றையும் சேருங்கள். இவை எதற்கும் தூதரக வாசலை மிதிக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவருக்கு ஆபத்து வரும் நிலை என்றால் அவரைக் கேட்காதீர்கள். ஏன் கேட்கவில்லை என்பதை எழுதி வையுங்கள்.

அசல் ஆவணம் வந்ததும் அதை அலுவலக மேசையில் அப்படியே வைத்துவிடாதீர்கள். முதலில் வண்ணப் பிரதி. பிறகு, நீதிமன்றம் ஏற்கும் மொழிபெயர்ப்பாளரின் ஜேர்மன் மொழிபெயர்ப்பு. பிறகு லோயரின் ஆலோசனை. கொடுக்கும்போது, இன்ன திகதியில் இன்ன ஆவணத்தைப் பெற்றோம் என்று முத்திரையோடு ரசீது. ரசீது தர மறுத்தால், ஒப்படைத்ததை விவரித்து அன்றைக்கே அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். அதுவும் சாட்சிதான்.

மறுப்பு முழுதாக உறுதியாகி, கடவுச்சீட்டு எடுக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டால், இலங்கைக்கு பெர்லினில் தூதரகம் இருக்கிறது. போவதற்கு முன் மின்னஞ்சலில் நேரம் கேளுங்கள். போகும் ரயில் டிக்கெட், கட்டிய பணத்தின் ரசீது, கொடுத்த படிவத்தின் பிரதி, "இன்னும் வரவில்லை" என்று அவர்கள் எழுதிய பதில் எல்லாம் ஒரு கோப்பில். கூட ஒருவரை அழைத்துப் போனால் அவர் பெயரையும் எழுதி வையுங்கள். கடவுச்சீட்டு வராவிட்டாலும் இந்தக் கோப்பு உங்களைக் காப்பாற்றும், ஏனென்றால் 60பியில் கேள்வி உங்களால் முடிந்ததைச் செய்தீர்களா என்பதே.

கடவுச்சீட்டு உண்மையிலேயே எடுக்க முடியாதது என்று அலுவலகம் ஏற்றுக்கொண்டால், உங்கள் டுல்டுங்கில் 'அவுஸ்வைஸ்எர்ஸாட்ஸ்' என்ற சொல்லைப் போடும்படி கேளுங்கள். அடையாள அட்டைக்குப் பதிலாக இதுவே செல்லும் என்பதற்கான குறிப்பு அது.

பெயர்

நம்முடைய பெயர்கள் ஜேர்மன் கணினிக்குள் போகும்போது நிறையச் சிக்கல் வருகிறது. ஊரில் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். இங்கே ஒன்று குடும்பப் பெயர் பெட்டிக்கும் மற்றது முதற்பெயர் பெட்டிக்கும் போக வேண்டும். முதல் நேர்காணலில் ஒருவர் ஒரு விதமாகப் போட்டிருப்பார், பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாக இருக்கும். சண்முகநாதன் ஆங்கில எழுத்தில் ஓரிடத்தில் எஸ் என்று தொடங்கும், இன்னோர் இடத்தில் எஸ்எச் என்று தொடங்கும். நமக்கு ஒரே ஆள். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இரண்டு ஆட்கள், அல்லது மாற்றுப்பெயர் வைத்துக்கொண்ட ஓர் ஆள்.

ஆகவே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேறுபாடு இருந்தால், அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நீங்களே விளக்கக் கடிதம் கொடுங்கள். வெளிநாட்டவர் மத்தியப் பதிவேட்டில் உங்களைப் பற்றி என்ன பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பெறும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கொலோனில் உள்ள கூட்டாட்சி நிர்வாக அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.

வந்த காலத்தில் பயத்தாலோ ஏஜென்சிக்காரனின் பேச்சாலோ வேறு பெயர் கொடுத்தவர்கள் முதலில் லோயரிடம் உண்மையைச் சொல்லுங்கள். திருத்துவதால் வரும் தண்டனை அபாயத்தையும், திருத்தாமல் விடுவதால் இழக்கும் வருடங்களையும் அவர் எடைபோட்டுச் சொல்வார். என் அபிப்பிராயத்தில், தள்ளிப்போடுவதால் இது யாருக்கும் இலகுவானதில்லை.

வங்கி, பிள்ளை, புதுப்பித்தல்

டுல்டுங் வைத்திருப்பவருக்கும் அடிப்படை வங்கிக் கணக்குத் திறக்கும் உரிமை 2016 ஜூனிலிருந்து சட்டத்தில் இருக்கிறது. இணையத்தில் முயன்றால் வீடியோவில் ஆளைச் சரிபார்க்கும் இடத்திலேயே பெரும்பாலும் நின்றுவிடும். கிளைக்கு நேரில் போய் 'பாசிஸ்கொன்டோ' என்று சொல்லிப் படிவம் கேளுங்கள். பத்து வேலை நாட்களுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கி, பாஃபின் என்ற நிதிக் கண்காணிப்பு ஆணையத்திடம் இலவசமாக முறையிடலாம். பாஃபின் என்ற பெயரைச் சொன்னதுமே படிவம் வந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை பிறந்தால், பெற்றோரின் அடையாளம் நிரூபணமாகவில்லை என்ற காரணத்துக்காகப் பதிவை விட்டுவிட முடியாது. பிறப்புப் பதிவு அலுவலகம் வழமையான சான்றிதழுக்குப் பதிலாக, பெற்றோரின் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்ற குறிப்போடு பதிவேட்டுப் பிரதி ஒன்றைத் தரலாம். அதுவும் முழுச் செல்லுபடியான ஆவணம்தான். வெறும் ஒத்திவைப்புக் கடிதத்தோடு வீட்டுக்கு வராதீர்கள்.

டுல்டுங்கைப் புதுப்பிக்க, முடியும் திகதிக்குப் பல வாரங்கள் முன்பே நேரம் கேளுங்கள். பல நகரங்களில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. கிடைக்காவிட்டால் மின்னஞ்சலில் நீட்டிப்பைக் கேட்டு, அந்த மின்னஞ்சலை அச்செடுத்துப் பழைய தாளோடு வைத்திருங்கள். சோசியல் காசு எடுப்பவர்கள் டுல்டுங்குக்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. கேட்டால் சோசியல் கடிதத்தைக் காட்டுங்கள்.

இந்தத் தாளிலிருந்து விசாவுக்கு

தொழிற்பயிற்சியில் சேர்பவருக்கு 60சி பிரிவில் பயிற்சி டுல்டுங் இருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் வந்தவர்கள், வந்து ஆறு மாதத்துக்குள் அடையாளத்தை நிரூபித்திருக்க வேண்டும் என்பது அதில் உள்ள முள். ஆனால் அந்த ஆறு மாதத்துக்குள் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தவருக்கு, தன் தவறில்லாமல் ஆவணம் பிந்தி வந்தாலும் கெடு தவறியதாகக் கொள்ளப்படாது. முன்பு சொன்ன கோப்பும் ரசீதுகளும் இங்கேதான் கைகொடுக்கும்.

27 வயதுக்கு உட்பட்டு, மூன்று வருடம் இங்கே இருந்து பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போனவர்களுக்கு 25ஏ பிரிவில் விசா உண்டு. மற்றவர்களுக்கு 25பி: ஆறு வருடம், வயது குறைந்த பிள்ளையோடு வாழ்ந்தால் நாலு வருடம், பெரும்பகுதிச் செலவுக்குச் சொந்தச் சம்பளம், பேச்சு ஜேர்மனில் ஏ2 என்ற அடிப்படைத் தரம். இரண்டுக்கும் வேறு நிபந்தனைகளும் உண்டு, பொய்யான அடையாளம் இரண்டையும் அடைத்துவிடும். கடவுச்சீட்டை ஒப்படைப்பதற்கு முன்பே, இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும், இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று லோயருடன் கணக்குப் பார்த்துவிடுங்கள். நிபந்தனைகள் நிறைவேறிய பிறகு விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுக்கும் கடவுச்சீட்டும், அதற்கு முன்னால் தனியாகக் கொடுக்கும் கடவுச்சீட்டும் ஒரே பலனைத் தருவதில்லை.

லோயருக்குக் காசில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். உங்கள் பகுதி அம்ட்ஸ்கெரிக்ட் நீதிமன்றத்துக்கு சோசியல் கடிதத்தோடு போய் 'பெராட்டுங்ஸ்ஹில்ஃபெஷைன்' என்ற சட்ட ஆலோசனை உதவிச் சீட்டைக் கேளுங்கள். அது கிடைத்தால் ஆலோசனைக்கு லோயருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது 15 யூரோ. ஹம்பர்க்கிலும் பிரேமனிலும் இந்தச் சீட்டு இல்லை, அங்கே அரசின் பொதுச் சட்ட ஆலோசனை நிலையங்கள் உண்டு. கரித்தாஸ், டியாக்கொனி என்ற தேவாலய உதவி அமைப்புகளின் ஆலோசனை நிலையங்களும், ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கும் ஃப்ளுஷ்ட்லிங்ஸ்ராட் என்ற அகதிகள் சபையும் இலவசமாக வழிகாட்டும். போகும்போது மஞ்சள் உறை, கடிதம், டுல்டுங், ஆவணக் கோப்பு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். வெறுங்கையோடு போனால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.